திரும்பி வராத நாற்பத்தொரு பேர்

அத்தியாயம் 9

நெவேனாவின் கைப்பையில் அந்தக் கடிதம் ஒரு வாரமாகக் கிடக்கிறது. அப்பாவும் அவளும் அனுப்பிய கட்டுரைக்கு வெளிநாட்டு மருத்துவ இதழின் ஆசிரியர் எழுதியது. மொத்தமே நாலு வரி.

“நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு அறுவை செய்திருக்கிறீர்கள். எழுபத்தொரு பேர் திரும்ப வந்து பரிசோதனை செய்துகொண்டிருக்கிறார்கள். மீதி நாற்பத்தொரு பேர் என்ன ஆனார்கள்?”

அதைக் காட்டியபோது அவள் அப்பா பேராசிரியர் அஸ்பரூக் மிலெவ் மூக்குக்கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. “நல்லா இருக்காங்கன்னு எழுது. நல்லா இல்லேன்னா வந்திருப்பாங்க” என்றார்.

இருபது வருடமாக மாணவர்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்த பாடம் அது. அந்த மாணவர்களில் நெவேனாவும் ஒருத்தி. பட்டியல் தயாரித்தபோது அந்த நாற்பத்தொரு பேருக்கும் நேரே, ‘பின்விளைவு’ என்ற கட்டத்தில், அவள்தான் பூஜ்யம் போட்டாள்.

புற்றுநோய் வந்த சிறுநீர்ப்பையை எடுத்துவிட்டு, நோயாளியின் குடலிலேயே ஒரு துண்டை வெட்டிப் புதுப்பை தைப்பது பல ஊர்களில் நடக்கிற வேலைதான். அப்பா அதில் ஒரு வால்வு சேர்த்தார். பையில் சேரும் நீர் மேலே சிறுநீரகத்துக்கு ஏறாதபடி குடலை மடித்து, சின்னச் சின்ன உலோகக் கிளிப்புகளால் இறுக்கி ஒரு கதவு. அதற்கு ‘மிலெவ் வால்வு’ என்று பெயர் வைத்தவர் வேறு யாரோ என்று அவர் எப்போதும் சொல்வார். யாரென்று இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நூற்றுப் பதின்மூன்றாவது ஆளுக்கு அந்த வால்வு வைக்கப்பட இருக்கிறது. அந்த ஆள் நெவேனாவின் மாமனார் ஸ்வெத்தான்.

ஜெர்மனியில் லாரி ஓட்டும் கணவன் ப்ளாமென் போன வாரம் போனில் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டான். “எங்கப்பா மேல உங்கப்பா கைதான் படணும். வேற எவன் கையும் படக்கூடாது.” மறுத்துச் சொல்ல அப்போது நெவேனாவிடம் ஒரு கடிதத்தின் கேள்வியைத் தவிர எதுவும் இல்லை.

இன்று சனிக்கிழமை. செத்துப்போனவர்களுக்கான சனிக்கிழமை. ஊரே வேகவைத்த கோதுமையைத் தூக்கிக்கொண்டு கல்லறைக்குப் போகிற நாள். ஸ்வெத்தானை அவர் மனைவியின் கல்லறைக்குக் காரில் கூட்டிப்போவது மருமகளின் வழக்கம். இந்தத் தடவை அவள் கைப்பையில் கடிதத்தோடு இன்னொரு தாளும் இருந்தது. அந்த நாற்பத்தொரு பேரில், பக்கத்துக் கிராமமான யாசெனோவ்காவில் இருக்கும் மூன்று பேரின் முகவரிகள்.

“உங்க அத்தைக்குக் கோதுமைல சர்க்கரை பத்தாது” என்றார் ஸ்வெத்தான், கல்லறையிலிருந்து திரும்பி காரில் ஏறியதும். “உயிரோட இருந்தப்பவும் எதுலயும் பத்தாதுன்னுதான் சொல்வா.”

“வலி எப்படி இருக்கு மாமா?”

“ரத்தம்தான் போகுது. வலி இல்ல. ரெண்டும் சேர்ந்து வந்தா கோபப்படலாம்.” முப்பத்தைந்து வருடம் ரயில் இன்ஜின் ஓட்டியவர். உடம்பைப் பற்றியும் இன்ஜினைப் பற்றிப் பேசுகிற மாதிரியேதான் பேசுவார். “புதுப்பை வெச்சதும் மூணு மணி நேரத்துக்கு ஒருதரம் எழுந்து போகணுமாமே. உங்கப்பா சொன்னாரு. எனக்கென்ன, டைம்டேபிள் பழக்கம்தான். பக்கவாட்டுல ஓட்டை போட்டுப் பை கட்டிவிடறதுதான் ஆகாது. அதோட எப்படி ஆத்துல இறங்கறது?”

“யாசெனோவ்கால ஒரு பத்து நிமிஷம் வேலை இருக்கு மாமா. பழைய பேஷண்ட் மூணு பேரைப் பார்க்கணும்.”

“பாரு, பாரு. நானும் கேக்கறேன், பை எப்படி வேலை செய்யுதுன்னு.”

முதல் வீட்டின் கேட்டில் கறுப்புக் கட்டம் போட்ட தாள் ஒட்டியிருந்தது. மழையில் நனைந்து காய்ந்த தாள். படத்தில் இலியா பென்கோவ் தொப்பியோடு சிரித்துக்கொண்டிருந்தார். ‘நீ இல்லாமல் இரண்டு வருடம்.’

நெவேனா காரை நிறுத்தவில்லை. அப்படியே மெதுவாக அடுத்த தெருவுக்கு ஓட்டினாள். இரண்டாவது வீட்டுக் கேட்டிலும் தாள். ஸ்தோய்லோ வெல்கோவ். ‘ஆறு மாதம்.’ பசை இன்னும் பளபளத்தது.

எங்கள் ஊர்களில் ஒருவர் செத்ததைக் கண்டுபிடிக்க ஆஸ்பத்திரிப் பதிவேடு தேவையில்லை. கேட்டைப் பார்த்தால் போதும். மரத்தைப் பார்த்தால் போதும். பஸ் ஸ்டாப்பைப் பார்த்தால் போதும். இருபது வருட ஆராய்ச்சியில் யாரும் ஒரு தடவை பஸ் ஏறி வந்து ஒரு கேட்டைப் பார்க்கவில்லை.

“ரெண்டு பேரா?” என்றார் ஸ்வெத்தான்.

“வேற ஏதாவது வியாதியா இருக்கும் மாமா.” அவளுக்கே அந்தக் குரல் அப்பாவின் குரல் மாதிரி கேட்டது.

மூன்றாவது வீடு பூட்டியிருந்தது. எல்லோரும் கல்லறையில்தான் இருப்பார்கள். இருவரும் அந்த ஊர்க் கல்லறைக்குப் போனார்கள்.

கல்லறையில் இறங்கி நடந்தால் வெறுங்கையோடு திரும்ப முடியாது. யார் எவர் என்று பார்க்காமல் கையில் ரொட்டித் துண்டும் கோதுமையும் திணிப்பார்கள். ‘ஆண்டவன் மன்னிக்கட்டும்’ என்று சொல்லி வாங்கிச் சாப்பிட வேண்டும், செத்தவர் பெயரில். நாலடி நடப்பதற்குள் ஸ்வெத்தானின் இரண்டு கையும் நிறைந்துவிட்டது.

“டாக்டரம்மாவா?” ஒரு பெண் நெருங்கி வந்தாள். கறுப்பு முக்காடு, மண் ஒட்டிய கை. “நீங்க ப்ரொபசரோட பொண்ணுதானே. நான் கெர்கினா. இலியா வீட்டுக்காரி. கும்பிட்டுக்கறேன், இதைச் சாப்பிடுங்க.”

நெவேனா வாங்கினாள். தன் நோயாளியின் பெயரில் கொடுக்கப்பட்ட கோதுமையை வாயில் போட்டு மென்றாள்.

“என்ன ஆச்சு அவருக்கு?”

கெர்கினா சுற்றிலும் பார்த்தாள். ஏதோ தப்பை ஒப்புக்கொள்ளப் போகிறவள் மாதிரி குரலை இறக்கினாள்.

“ஆபரேஷன் முடிஞ்சு கிளம்பறப்ப உங்கப்பா இவரைக் கட்டிப்பிடிச்சாரு. ‘இலியா, இனிமே உனக்கு என்கிட்ட வேலை இல்ல, தேன் மட்டும் குடுத்தனுப்பு’ன்னாரு. இவரு ஊர் முழுக்க அதைத்தான் சொல்லிட்டுத் திரிஞ்சாரு. மூணு வருஷம் நல்லாத்தான் இருந்தாரு. அப்புறம் முதுகு வலி. காய்ச்சல். ஸ்கேன் எடுத்தா, கிட்னில தண்ணி கட்டியிருக்கு, கீழ பையில கல்லு இருக்குன்னாங்க.”

“ஏன் எங்ககிட்ட வரல?”

“நானும் அதைத்தான் சொன்னேன். திட்டுனாரு என்னை. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது, அவ்ளோ பாடுபட்டுச் செஞ்சு குடுத்த மனுஷன்கிட்ட போயி ‘நீ செஞ்சது கெட்டுப்போச்சு’ன்னு சொல்றதா, அவரு மனசு என்ன பாடுபடும்னாரு. ரெண்டு மணி நேரம் பஸ்ல போயி வேற ஊர்ல காட்டுனோம். அங்க கல்லை எடுத்தாங்க. ‘யாரு செஞ்ச ஆபரேஷன் இது’ன்னு கேட்டாங்க. பேரு சொல்லவே இல்ல டாக்டரம்மா. மறந்துபோச்சுன்னுட்டாரு.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அதுக்குள்ள கிட்னி ரெண்டும் போயிருச்சு. ஸ்தோய்லோவுக்கும் இதேதான்.”

“ஆனா தேன் வந்துட்டிருந்ததே” என்றாள் நெவேனா. “போன வருஷம்கூட வந்தது.”

“அவரு சொல்லிட்டுப் போனாரு. தேன் நிக்கக்கூடாதுன்னு.”

அந்தத் தேனை நெவேனா சாப்பிட்டிருக்கிறாள். அம்மா வீட்டில், ரொட்டியில் தடவி, பத்து மாதம்.

அப்போதுதான் மூன்றாவது ஆளைப் பார்த்தாள். மரின் தோனெவ். இரண்டு கல்லறை தள்ளி நின்றவர், அவளைக் கண்டதும் சட்டைக் கையை மணிக்கட்டுக்கு இழுத்து விட்டுக்கொண்டு, சிரித்தபடி வந்தார். முகம் பழைய காகிதத்தின் நிறத்தில் இருந்தது.

“நல்லா இருக்கேன் டாக்டரம்மா. குதிரை மாதிரி இருக்கேன். அப்பாவுக்கு என் வணக்கம் சொல்லுங்க.”

கை குலுக்கினார். இழுத்து விட்ட சட்டைக்குக் கீழே, விரல் தடிமனுக்கு நரம்பு புடைத்துத் துடித்தது. டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகச் செய்யப்படும் இணைப்பு. அவள் பார்த்துவிட்டாள் என்று அவருக்கும் தெரிந்தது. இருந்தும் சிரிப்பை நிறுத்தவில்லை.

“குதிரை மாதிரி” என்றார் மறுபடியும்.

கெர்கினா அவர்களை விடவில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போய், அலமாரியிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து வந்தாள். அவிழ்த்தாள். முட்டை அளவு கல், பாதியாக உடைந்திருந்தது. உடைந்த முகத்தில், உள்ளே, மூன்று சின்னக் கிளிப்புகள் மின்னின. அதைப் பிடித்துக்கொண்டுதான் கல் வளர்ந்திருக்கிறது.

“அங்க குடுத்தாங்க. ப்ரொபசருக்கு ஆராய்ச்சிக்கு உதவும்னு நெனச்சேன். அப்புறம், குத்திக்காட்டற மாதிரி ஆயிடுமோன்னு வெச்சுட்டேன்.”

ஸ்வெத்தான் அதைக் கேட்டு வாங்கினார். உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் ஆட்டினார். பிறகு மருமகளிடம் கொடுத்தார்.

திரும்பும் வழியில் அவர் ஒரு நகைச்சுவையும் சொல்லவில்லை. அதுவே நெவேனாவுக்குப் பயமாக இருந்தது.

“மாமா, எல்லாத்தையும் கேட்டீங்க.”

“காது நல்லாத்தான் இருக்கு.”

“தலைநகருக்கு, சோபியாவுக்குப் போயிடலாம். அங்க இந்த வால்வு இல்லாம அதே பை வெக்கறாங்க. உங்களுக்கு வெளிய பை கட்ட வேண்டியது இல்ல. எனக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காரு, இந்த வாரமே ஏற்பாடு பண்றேன்.”

ஸ்வெத்தான் ஜன்னல் வழியாகச் சோளக் காட்டைப் பார்த்தார். “மொதல்ல உங்கப்பாகிட்ட பேசு. அவருக்குத் தெரியாம எதுவும் வேண்டாம்.”

மூன்று மணிக்கு அப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அம்மா தோன்கா அடுப்படியில் பீன்ஸ் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். சம்பந்தியை உட்காரவைத்து, அவர் கொண்டுவந்த பழச்சாராயமான ராக்கியா பாட்டிலை வாங்கிக்கொண்டாள். நெவேனா நேராக அப்பாவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். கைக்குட்டையை மேஜை மேல் வைத்து அவிழ்த்தாள்.

அவர் கல்லை எடுத்து விளக்குக்குக் கீழே பிடித்தார். கிளிப்பைப் பார்த்ததும் விரல் நின்றது.

“யாரோடது?”

“இலியா பென்கோவ். யாசெனோவ்கா. செத்து ரெண்டு வருஷம் ஆச்சு.”

“தேன் இலியாவா?” அவர் முகம் நிஜமாகவே இறங்கிவிட்டது. “அவன் எப்படிச் சாவான்? தேன் வந்துச்சே.”

“அவர் பொண்டாட்டி அனுப்புனா. ஸ்தோய்லோவும் போயிட்டாரு. மரின் டயாலிசிஸ்ல இருக்காரு. மூணு வீடு பார்த்தேன்ப்பா. மூணும் இதுதான்.”

“ஏன் என்கிட்ட வரல?” என்றார். அந்தக் கேள்வியில் இருந்த வலியைப் பார்த்து நெவேனாவுக்கு ஒரு நிமிடம் அவர் மேல் இரக்கமே வந்துவிட்டது. “நான் பார்த்திருப்பேனே. மறுபடி திறந்து சரி பண்ணியிருப்பேனே. இவனுங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?”

“உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு வரலயாம்.”

அவர் நாற்காலியில் சாய்ந்தார். எழுந்தபோது பழைய பேராசிரியராகிவிட்டிருந்தார்.

“மூணு பேர். நூத்திப் பன்னெண்டுல மூணு.”

“நாப்பத்தொண்ணுல மூணு வீடுதான் போனேன். மூணும்.”

“ஒரே கிராமம். தண்ணி கெட்ட தண்ணியா இருக்கும்.”

“கல்லுக்குள்ள கிளிப் இருக்குப்பா. தண்ணிலயா கிளிப் வந்துச்சு?”

“குரலை இறக்கு. சம்பந்தி இருக்காரு.”

“அவருக்காகத்தான் பேசறேன். திங்கட்கிழமை அவருக்கு வால்வு வேண்டாம். வெறும் பை போதும். நீங்களே செய்ங்க, நான் எதிர்ல நிக்கறேன். வால்வு மட்டும் வேண்டாம்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “சொந்த சம்பந்திக்கு மிலெவ் வால்வு வெக்காம மிலெவ் ஆபரேஷன் பண்ணான்னு திங்கட்கிழமை மத்தியானத்துக்குள்ள ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிஞ்சிடும். அப்புறம் அத்தனை பேரும் வாசல்ல வந்து நிப்பாங்க, ‘எனக்கு மட்டும் ஏன் வெச்சே’ன்னு.”

“நிக்கட்டும்ப்பா. அவங்க வந்து நிக்கணும். இப்பவாவது வந்தா கொஞ்சம் பேரோட கிட்னியைக் காப்பாத்தலாம்.”

“அந்தக் கட்டுரைல உன் பேரும் இருக்கு.”

“இருக்கு. பூஜ்யம் போட்டதும் நான்தான். நாப்பத்தொரு பூஜ்யம். ஒருத்தருக்குக்கூட ஒரு கடுதாசி போட்டுக் கேக்கல.” அவள் கல்லை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்தாள். “அந்தக் கடிதத்துக்கு உண்மையைத்தான் பதிலா எழுதப்போறேன்.”

“எழுது” என்றார் அவர், ரொம்ப மெதுவாக. “எழுதி, அப்பன் பேரை நீயே குழி தோண்டிப் புதை. ஆனா உன் மாமனார் விஷயத்தை நீ முடிவு பண்ணாதே, நானும் முடிவு பண்ணல. உடம்பு அவரோடது. அவர்கிட்டயே கேட்டுடலாம்.”

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. பேராசிரியர் மிலெவ் நியாயமில்லாமல் எதையும் செய்கிறவர் அல்ல. நோயாளிகள் தன் முகத்துக்கு எதிரே எதைச் சொல்வார்கள், எதைச் சொல்ல மாட்டார்கள் என்பதை சற்று முன்புதான் முதல்முறையாகத் தெரிந்துகொண்டார். தெரிந்ததை உடனே பயன்படுத்திக்கொண்டார்.

சாப்பாட்டு மேஜையில் சூப்பும் பனித்ஸா என்கிற சூடான சீஸ் அப்பமும் இருந்தன. சீஸ் வாசனை அடித்தது. பேராசிரியர் சம்பந்தியின் கிண்ணத்தில் தானே ராக்கியா ஊற்றினார். தோளில் கை போட்டார்.

“சம்பந்தி, உங்க மருமக உங்களை சோபியாவுக்கு அனுப்பணும்ங்கறா. என் கை மேல நம்பிக்கை போயிடுச்சாம். நீங்க என்ன சொல்றீங்க?”

“நான் கையைப் பத்திச் சொல்லல. வால்வைப் பத்திச் சொன்னேன்” என்றாள் நெவேனா.

“சாப்பிடற எடத்துல மூத்திரப்பைப் பேச்சு வேண்டாம்” என்றாள் தோன்கா. “இந்த ஒரு வீட்லதான் முப்பத்தஞ்சு வருஷமா சூப்போட சேர்த்து அதைக் குடிக்கிறோம்.”

ஸ்வெத்தான் கிண்ணத்தைப் பார்த்தார். தன் தோள் மேல் இருந்த கையைப் பார்த்தார். நகம் ஒட்ட வெட்டிய, சுத்தமான கை.

“சோபியால எனக்கு யாரைத் தெரியும்?” என்றார். “நீங்க செஞ்சா போதும் சம்பந்தி.”

“வால்வோடயா, இல்லாமயா? மனசு விட்டுச் சொல்லுங்க.”

“உங்க பேர்ல உள்ளதை எனக்கு மட்டும் ஏன் குறைச்சு வெக்கணும்? முழுசா வெச்சுடுங்க.”

“மாமா” என்றாள் நெவேனா. “அந்தக் கல்லைக் கையில வாங்கிப் பார்த்தீங்களே.”

“பார்த்தேம்மா. கல்லு யாருக்குத்தான் வரல.” அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. கிண்ணத்தை உயர்த்தினார். “ஆரோக்கியத்துக்கு.”

பேராசிரியரும் கிண்ணத்தை உயர்த்தினார். நெவேனாவின் கிண்ணம் மேஜையிலேயே இருந்தது. அப்பாவின் கண் ஒரு நொடி அவள் கண்ணைச் சந்தித்து விலகியது. அதில் வெற்றி இல்லை. பிடிபட்ட மனிதனின் கண்ணாக இருந்தது. அதனால் மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது? அவர் குடித்தார்.

ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கியது. பேராசிரியர் வாசல்வரை வந்து சம்பந்தியைக் கட்டிப்பிடித்து வழியனுப்பினார். “நாளைக்குச் சாயந்திரம் வெறும் வயித்தோட வந்து படுத்துடுங்க” என்றார். கதவு மூடியது.

காருக்குப் போகும் வழியில் நெவேனா மாமனாரின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“ஏன் மாமா? எல்லாம் தெரிஞ்சும் ஏன்?”

ஸ்வெத்தான் கோட்டுப் பொத்தானைப் போட்டார். ஓட்டை மாறிப்போய், கழற்றி மறுபடி போட்டார். கிழவர் பயந்துபோயிருக்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

“அவரு வீட்ல உக்காந்து, அவரு சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கிட்டு, மூஞ்சிக்கு நேரா எப்படிம்மா சொல்றது?”

“நான் சொல்றேன். இப்பவே திரும்பிப் போயிச் சொல்றேன்.”

“வேண்டாம்.” கார்க் கதவைத் திறந்தவர், உள்ளே ஏறாமல் நின்றார். “நெவேனா, ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. ரெண்டு மூணு வருஷம் கழிச்சு எனக்கு ஏதாவது ஆச்சுன்னா, என்னை வேற ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடு. உங்கப்பாவுக்குத் தெரிய வேண்டாம். மனுஷன் வருத்தப்படுவாரு.”

சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டார். நெவேனா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியிலேயே நின்றாள். திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருந்தது.